சனிக்கிழமைச் சம்பளமும் ஒன்பதாம் வகுப்பும்

தீபாவளி முடிந்து மூன்று வாரம் இருக்கும். பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வருகையைச் செல்போன் செயலியில் பதிந்துவிட்டாலும், அவர் தனக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரு பெயருக்கு நேராக வரிசையாகச் சிவப்புக் கோடுகள்.

"நோம்பிக்கு ஊருக்குப் போனவன் இன்னும் வரலையா?" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே வந்துட்டானுங்க சார். அவங்கம்மா கூடக் கம்பெனிக்குப் போறான். கைமடிக்கிறான்."

பனியன் கம்பெனிக்குள் நுழைகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வேலை கைமடிப்பதுதான். தையல் மிஷினுக்கு எதிரே நின்று துண்டுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும், தைத்து வருவதை வாங்கி அடுக்க வேண்டும். படிப்பு வேண்டாம், பழக்கம் வேண்டாம், இரண்டு கையும் நின்று தாங்கும் காலும் போதும். பையனின் குடும்பம் தாராபுரத்துக்குக் கிழக்கே மூலனூர்ப் பக்கம். மழை பெய்தால் முருங்கைக்காடு, பெய்யாவிட்டால் திருப்பூர்.

வறுமையும் பள்ளிப்படிப்பும் என்று பேச்செடுத்தால் நமக்கு உடனே தோன்றுவது கிழிந்த சட்டையும் காலி வயிறும். உலகக் கணக்கும் அந்தப் படத்துக்கு ஒத்துத்தான் வரும். நாளுக்கு 2.15 டாலருக்கும் குறைவான வரும்படியில் ஓடும் வீடுகளில் 2022இல் 33.3 கோடிக் குழந்தைகள் இருந்ததாக யுனிசெப்பும் உலக வங்கியும் சேர்ந்து கணித்தன. அந்த அளவுகோலைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்தால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21இல் ஏழைகள் இந்தியாவில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். அந்தப் பையன் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, டிவி இருக்கிறது, அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. தெருமுனையில் பள்ளி இருக்கிறது. புத்தகம், செருப்பு, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். ஆனாலும் பையன் இல்லை.

பிகாரிலோ எத்தியோப்பியாவிலோ எழுதப்பட்ட விளக்கத்தை இங்கே அப்படியே ஒட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். அங்கெல்லாம் வேலை கிடைக்காத வறுமை. இங்கே பதினான்கு வயதுக்கும் வேலை கிடைக்கிற வறுமை. அவிநாசி ரோட்டில் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும், ஒன்பது மணிக்குத்தான் பள்ளி மணி அடிக்கும். ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது வேன்.

திருப்பூர்க் கணக்கில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பினால் ஒன்றரை ஷிப்ட். சம்பளம் வாராவாரம், சனிக்கிழமை சாயங்காலம் கையில் விழும். படிப்பின் பலன் எப்போது கையில் விழும்? பத்தாவது, பன்னிரண்டாவது, ஒரு டிகிரி, அப்புறம் வேலை தேடி அலைகிற இரண்டு வருஷம். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இது எட்டு வருஷத் தவணை. இந்தச் சனிக்கிழமைக்கு அது எதிர்நிற்க முடியாது. படிப்புக்காக ஒரு குடும்பம் விட்டுக்கொடுக்கும் கூலியையும் படிப்பின் செலவாகத்தான் பொருளியல்காரர்கள் எழுதுவார்கள். கட்டணம் இல்லாத அரசுப் பள்ளிக்கும் இந்தச் செலவு உண்டு. திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் அது மற்ற ஊர்களைவிட அதிகம். ஊர் எவ்வளவு செழிக்கிறதோ அவ்வளவு அதிகம்.

இதைக் கணக்கில் எடுத்துச் செய்த திட்டம் ஒன்று மெக்சிகோவில் 1997இல் தொடங்கியது. புரோக்ரெசா என்று பெயர். பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகை கூடும், நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைக்குப் பையனைவிடச் சற்று அதிகம். வளர வளரப் பிள்ளையின் உழைப்புக்கு விலை கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்ட வடிவம் அது. நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை கூடியது, பெண் பிள்ளைகளிடம் இன்னும் கூடியது.

நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. எட்டாவதோடு அதன் பிடி விட்டுவிடும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் முழுத் தடையை 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் விதிக்கிறது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய்: 2022 செப்டம்பரில் பெண்களுக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் கோவையிலேயே தொடங்கி வைத்த தமிழ்ப் புதல்வன் பையன்களுக்கு. நல்ல திட்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளியைத் தாண்டி மேல்படிப்பில் சேர்ந்தவருக்குத்தான் அந்தப் பணம். நடுவில் 9, 10, 11, 12 என்று நான்கு வகுப்பு. அரசுப் பள்ளியில் 10, 11ஆம் வகுப்புகளுக்குத் தலா 1500, பன்னிரண்டுக்கு 2000 என்று ஊக்கத்தொகை உண்டு, அதுவும் படித்து முடித்த பிறகு மொத்தமாக. எட்டாவதில் தேர்வெழுதித் தேறினால் மத்திய அரசு ஆண்டுக்கு 12,000 தரும், அது நன்றாகப் படிக்கிற சிலருக்கு. வேன் ஹாரன் அடிக்கிற வயதில், எல்லோருக்கும் மாதாமாதம் கையில் விழுகிற பணம் எதுவும் இல்லை. பாலத்தின் இரண்டு முனையும் பலமாக இருக்கிறது, நடுத்தூணைக் காணோம்.

பனியன் கம்பெனி கூலியைக் காட்டி இழுக்கும். விசைத்தறி கடனைக் காட்டிக் கட்டிப்போடும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அந்தக் கடனுக்குப் 'பாக்கி' என்று பெயர். கீர்ட் டி நீவ் என்ற மானிடவியல் ஆய்வாளர் குமாரபாளையத்தில் தங்கிப் பார்த்து இந்தப் பாக்கியைப் பற்றியே 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆளைப் பிடித்து வைக்க முதலாளி கொடுக்க ஆரம்பித்தது அது. பிறகு தொழிலாளிகளும் சூட்டிப்பாகி, அதிகப் பாக்கி கொடுக்கிற முதலாளியிடம் போனார்கள். புது முதலாளி பழைய பாக்கியை அடைப்பார், குடும்பம் இடம் மாறும், கடன் மட்டும் கூடவே வரும். கூலியில் கழியாமல் அப்படியே நிற்கும் கடன் அது. நிற்பதுதான் அதன் வேலை.

தறிக்குடோனை ஒட்டிய வரிசை வீட்டில் இருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா பகல் ஷிப்ட், அம்மா ராத்திரி ஷிப்ட், அல்லது மாற்றி மாற்றி. வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. வெளியே தறிச் சத்தம், படித்தாலும் காதில் விழாது. சாயங்காலம் வந்ததும் தார் சுற்ற உட்காரும். ஊடை நூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தருகிற வேலை, சின்ன விரலுக்குத் தோதானது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது. தார் சுற்றுவது உதவியா வேலையா என்று எந்த ஆய்வாளரால் கதவைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியும்? பத்தாவதில் ஒருமுறை தவறினால் போதும். அப்பாவுக்கு இடுப்புவலி என்று ஒரு மாதம் தறியில் நிற்பான். பாக்கி குடும்பத்தின் பேரில் இருப்பதால், குடும்பத்தில் யார் நின்றாலும் முதலாளிக்குச் சம்மதம். அந்த ஒரு மாதம் முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதே கணக்கு கல்யாணத்தின் பேரில் நடந்தது. நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் ஒரு தொகை, தாலிக்கோ சீருக்கோ. தென்மாவட்டத்து வறண்ட ஊர்களிலிருந்து தரகர்கள் கூட்டிவந்த பெண்களில் பதினாறு வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனவர்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமலே போனதுண்டு. வெளிநாட்டு வாங்குவோரிடமிருந்து கேள்வி வந்த பிறகு பெயர் மறைந்தது. விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குவதைக் குறிக்கும் 'கேம்ப் கூலி' என்ற சொல் இன்னும் காதில் விழத்தான் செய்கிறது.

இதற்கெல்லாம் பழைய வேர் ஒன்றும் உண்டு, அதைப் பேசாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். பண்ணையம் நடந்த காலத்தில் அருந்ததியர் வீட்டுப் பையன் ஐந்தாறு வயதிலேயே கவுண்டர் தோட்டத்தில் ஆடுமாடு மேய்க்க விடப்பட்டான். கூலி, ஒரு வேளைச் சோறும் வருஷத்துக்கு ஏதோ கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தையும் அப்பன் முன்கூட்டியே வாங்கிச் செலவழித்திருப்பான். பாக்கி என்பது தறி கண்டுபிடித்த சங்கதி இல்லை. ஜூடித் ஹேயர் என்ற பொருளியலாளர் கோவை-திருப்பூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கு 1981-82இல் வந்து, 1996இலும் 2008-09இலும் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து பார்த்தவர். பண்ணையாள் பிடி தளர்ந்ததையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதையும் பதிவு செய்திருக்கிறார். நிலம் மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஒதுக்கீட்டுச் சீட்டில் போய் உட்கார ஒருவர் பன்னிரண்டாவது வரை தாக்குப்பிடித்திருக்க வேண்டும், மறுபடியும் அதே நடுத்தூண்.

ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிறவன் உண்மையில் எப்போது போக ஆரம்பித்தான்? ஒன்பதாம் வகுப்பில் இல்லை. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமத்துக் குழந்தைகளுக்குப் புரதம் சேர்த்த கஞ்சி, மற்ற இரண்டில் வெறும் இனிப்புப் பானம். முப்பது வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள் மற்றவர்களைவிட மணிக்கு 46 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்கு மேல் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஜமைக்காவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை வைத்து ஒன்று. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பணியாளர் போய், தாயும் பிள்ளையும் பேசி விளையாடப் பழக்கினார். இரண்டு வருஷம், அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம் 25 சதவீதம் அதிகம். சோறும் பேச்சும் முதல் மூன்று வருஷத்தில் கிடைக்க வேண்டும், அதன் பிறகு ஆசிரியர் என்ன பாடுபட்டாலும் அது ஒட்டு வேலை.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது, பாதிக்கு மேல் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது. ரத்தசோகைப் பிள்ளை பட்டினிப் பிள்ளை மாதிரி தெரியாது. மதியத்துக்கு மேல் பெஞ்சில் சாயும், கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்லும். 'மந்தம்' என்று ஒரு பெயர் வைத்துவிடுவோம்.

கொங்கில் இந்த முதல் மூன்று வருஷம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் திருப்பூரின் சங்கடம் எல்லாம் கூடி நிற்கிறது. மூலனூரில் இருந்திருந்தால் அப்பத்தாவோ அமுச்சியோ பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். லைன் வீட்டில் பத்துக்குப் பத்து ரூம், பெரியவர்கள் இல்லை. தாய் எட்டரைக்குக் கம்பெனியில் நிற்க வேண்டும். அங்கன்வாடி அதற்கப்புறம் திறந்து பிற்பகலில் மூடிவிடும். அதற்குப் பிறகு நான்கைந்து மணி நேரம் பிள்ளை யாரிடம்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. திருப்பூரின் உழைப்பில் பெரும்பங்கு இருபது முப்பது பேர் வேலை செய்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கிறது. சட்டம் அந்தச் சந்துக்குள் நுழையாது. அதனால் பிள்ளை அக்காவிடம். அக்காவுக்குப் பதினொரு வயது. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்காவுக்கு லீவு. ஒரு காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு அடிபடுவது கணக்கெடுப்பில் வராது, வகுப்பாசிரியையின் நாற்பது பக்க நோட்டில் வரும்.

இது கையாள முடியாத விஷயமும் இல்லை. தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரைப் போட்டுப் பார்த்தார்கள். எழுத்தும் எண்ணும் சொல்லித்தருகிற நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின, குட்டையாக வளர்வதும் குறைந்தது. காரணம் சிக்கலானதல்ல. ஒரே டீச்சர் பதிவேடும் எழுதி, சத்துமாவும் கொடுத்து, பாடமும் எடுக்க முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த மாநிலம் நாட்டுக்கு முன்னோடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கருணாநிதி சேர்த்த முட்டை, 2022 செப்டம்பரில் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு. மற்ற ஊர்களில் காலை உணவு பசிக்கு மருந்தாக இருக்கலாம். திருப்பூரில் அது நேரத்துக்கு மருந்து. ஐந்தரைக்கு எழுந்து மத்தியானச் சோத்தைப் போசியில் கட்டிக்கொண்டு ஓடுகிற தாய்க்கு இன்னொரு அடுப்பு மூட்ட நேரமில்லை. பிள்ளை அதுவரை இரண்டு பன்னோ, ஐந்து ரூபாய் பாக்கெட் தீனியோ தின்றுவிட்டு வரும். ஆறாம் வகுப்பு போனதும் அந்த உப்புமா நின்றுவிடுகிறது. நேரமின்மை நிற்பதில்லை.

முட்டை என்றதும் நாமக்கல் ஞாபகம் வந்துவிடும். சத்துணவு முட்டையும் அங்கிருந்துதான், அடைத்து வைத்து மார்க் வாங்க வைக்கும் விடுதிப் பள்ளிகளும் அங்கேதான். ஊர்க்காரர்களே 'பிராய்லர் பள்ளி' என்று கிண்டல் செய்வார்கள், கிண்டல் செய்தபடியே பணம் கட்டுவார்கள். அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்வது தறிக்காரரும் டெய்லரும்தான். கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பார்கள். இரண்டாம் டெர்ம் பீஸ் கட்ட முடியாமல், பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிறகு, டிசியும் கைக்கு வராமல் அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். நான் பார்த்தவரை, எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளையைவிட இப்படித் திரும்பி வருகிற பிள்ளைதான் அதிகம் சுருங்கிப்போயிருக்கும்.

அந்தச் சுருக்கத்துக்குக் கொங்கில் ஒரு சொல் உண்டு, வெசனம். 'வெசனப்படாத கண்ணு' என்பார்கள். கவலை என்று சொன்னால் முழுசாக வராது, உடம்பில் உட்கார்ந்துவிட்ட கவலை அது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது ஒருமுறை, கரும்புப் பணம் வந்த பிறகு ஒருமுறை, அதே ஆளுக்கே புத்திக்கூர்மைச் சோதனை. அறுவடைக்கு முன் சராசரியாக மதிப்பெண் கீழே இறங்கியிருந்தது. ஆள் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. கடன் நினைப்பு மூளையில் இடம் பிடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் கட்ட வேண்டிய வீட்டில், திங்கள் ராத்திரி அம்மாவிடம் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கப் போகிற பிள்ளையைக் கேளுங்கள், இந்த ஆய்வை ஒரே வரியில் சொல்லிவிடும்.

வெசனத்தைக் கூட்டுவது தொகையின் சிறுமையைவிட அதன் நிச்சயமின்மை. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, வாஷிங்டனில் போட்ட கையெழுத்து லைன் வீட்டு வாடகை வரை வந்து இடித்தது. கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளி மூடியிருந்ததில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திறந்த ஆறே மாதத்தில் மீண்டது, அதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்று தமிழ்நாட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு அது போதும். திரும்பி வராத பிள்ளை அந்த அளவுகோலில் ஏறவே இல்லை.

ஈரோடு மாவட்டத்து மலைப்பக்கமான பர்கூர் மலையும் தாளவாடியும் கடம்பூரும் வேறு கதை. அங்கே தூரமும் காடும் யானையும்தான் தடை, இந்தப் பழைய விளக்கங்களெல்லாம் அங்கே பொருந்தும். திருப்பூர் வகுப்பறைகளில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கூட்டுகிறார்கள், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பள்ளி விட்டதும் ஆசிரியையோடு வாசல் வரை நடந்தேன். தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் பையன் பெயர் இடைநின்றவர் பட்டியலில் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த லைன் வீட்டுக்குப் போயிருந்தாராம். அன்றைக்குத்தான் அவன் அம்மாவைப் பார்க்க முடியும்.

"என்ன சொன்னாங்க?"

"பொங்கல் கழிச்சுத் தாட்டி உடறனுங்க டீச்சர்ன்னாங்க. ஸ்வெட்டர் வாங்கிருக்கறான் சார், அவன் சம்பளத்துல. அவங்கம்மாவுக்கு. எடுத்துட்டு வந்து காமிச்சான்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் வந்தார். "நல்லா இருக்குதுடா கண்ணுன்னுதான் சொல்லிட்டு வந்தேன்."